பாலாடைக்கோழி பற்றிய அறிக்கை

விக்கிரமசிங்கபுரத்தில் மில் வாசலுக்கு எதிரே இசக்கிமுருகன் நடத்திவந்த மெஸ்ஸில் ஒரு கோழிக்குழம்பு உண்டு. அது வெள்ளையாக இருந்தது. அது செய்த ஒரே குற்றம் அதுதான்.

கோழிக்குழம்பு சிவப்பாக இருக்கலாம், மஞ்சளாக இருக்கலாம், அடிப்பிடித்துக் கறுப்பாகக்கூட இருக்கலாம். அதற்கெல்லாம் யாரும் மனு எழுதுவதில்லை. இசக்கிமுருகனின் குழம்புக்கு மட்டும் யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ‘மேற்படி மெஸ்ஸில் கறிக்குழம்பு வெள்ளை நிறத்தில் காணப்படுகிறது, மக்கள் அதை விரும்பி உண்கிறார்கள், சந்தேகத்துக்கு இடமாக உள்ளது.’ மனு இவ்வளவுதான்.

சந்தேகப்பட அதில் ஒன்றுமே கிடையாது. மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் சேர்க்காத குழம்பு அது. தயிரிலும் உப்பிலும் ஊறிய கோழியை, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கிய சட்டியில் போட்டு, அது விடுகிற தண்ணீரிலேயே வேகவைப்பார். முந்திரியும் கசகசாவும் அரைத்த விழுது அடுத்து. பிறகு தேங்காயின் முதல் பால். எல்லாம் முடிந்து தீயை அணைத்தபின், காலையில் காய்ச்சிய எருமைப்பாலின் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும் ஆடையை வழித்துப் போட்டு, மெதுவாக ஒரு கிண்டு. அதற்குமேல் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பாலாடைக்கோழி என்று அவர்தான் பெயர் வைத்தார். பகல் பன்னிரண்டுக்கு முன்னால் இறக்கினால் இரண்டு மணிக்குச் சட்டியை வழித்துவிடுவார்கள்.

இசக்கிமுருகனிடம் ஒரு பழக்கம் இருந்தது. குழம்பை ஊற்றிவிட்டுப் போகமாட்டார். கையில் கரண்டியோடு மேசையின் ஓரத்தில் நின்றுகொள்வார். சாப்பிட்டவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லும்வரை அங்கேயே நிற்பார். கிரைண்டர் பக்கத்தில் நின்று நின்று காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொன்னால்தான் விளங்கும்.

“தலைய ஆட்டுனா எனக்கு என்னவே தெரியும்? நல்லாருக்கா இல்லையா, வாயத் தொறந்து சொல்லும்” என்பார்.

“நல்லாருக்கு அண்ணாச்சி!” என்று மில்காரர்கள் கத்துவார்கள். முகம் மலர்ந்துவிடும். அடுத்த மேசைக்குப் போய் நின்றுகொள்வார். அவர் மனைவி முத்துராணிக்கு இது பெரிய வெட்கமாக இருந்தது. “சோத்தத் திங்க விடுங்களேன், இப்படி மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா யாருக்கு எறங்கும்?” என்று எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள். அவர் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் ஜீப் வந்து நின்றது. மாவட்ட உண்பொருள் மாதிரிக் காப்பகத்தின் இறைச்சிப் பிரிவு மேற்பார்வையாளர் சிவசண்முகம் இறங்கினார். நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கடமை ஞாபகம் வந்தவராகக் கேட்டார்.

“குழம்பு ஏன் வெள்ளையா இருக்கு?”

“ஆடை போட்டிருக்கேன் ஸார்.”

“எதுக்குப் போட்டீரு?”

“நல்லாருக்கும்னுதான்.”

சிவசண்முகம் எழுதிக்கொண்டார்: ‘உள்நோக்கத்துடன் சேர்த்ததாக ஒப்புக்கொண்டார்.’

“மிச்சத்த எங்கன வைப்பீரு?”

“மிச்சம் இருக்காது ஸார்.”

“இருந்தா?”

“இருக்காது ஸார். இந்தக் குழம்பு சாயங்காலம் வரைக்கும் தாங்காது. அதுக்குள்ள தீந்துரும்.”

‘மிச்சம் வைக்க எந்த வசதியும் செய்யப்படவில்லை’ என்று அதையும் எழுதினார்.

அரைக் கிலோ குழம்பை ஒரு கண்ணாடி ஜாடியில் எடுத்தார்கள். வாயைத் துணியால் கட்டி, நூல் சுற்றி, சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்து, இசக்கிமுருகனிடம் கையெழுத்து வாங்கினார்கள். மாதிரி எண் நூற்றுப் பதினேழு. மீதிக் குழம்பை முழுசாகக் கொல்லையில் குழிவெட்டி ஊற்றி, மேலே பினாயிலும் ஊற்றினார்கள். அறிக்கை வரும்வரை பாலாடைக்கோழி சமைக்கக் கூடாது என்று ஓர் உத்தரவைச் சுவரில் ஒட்டினார்கள்.

ஜீப் கிளம்பியது. இசக்கிமுருகன் கரண்டியோடு பின்னால் ஓடினார்.

“ஸார், எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க ஸார்!”

“பதினாலு நாள்ல அறிக்கை வரும்” என்றார் சிவசண்முகம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். “ரிப்போர்ட்டு வந்துச்சாட்டி?” என்று கேட்டார். “இன்னும் இல்ல” என்றாள் முத்துராணி. “சரி” என்றார். அவ்வளவுதான். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவள் மெஸ்ஸைத் திறந்தாள். சாம்பார், ரசம், முட்டை, அதற்குமேல் கிடையாது. முதல் நாளே, பகல் பதினொன்றே முக்காலுக்கு, அடுப்பில் சாம்பார் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும்போது, தேங்காய்ப்பாலும் ஆடையும் கலந்த அந்த வாசனை எழும்பியது. அடுப்படியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கிமுருகனின் வலது செருப்பில் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கும். ஓரடி விட்டு ஓரடிக்கு ‘டக்’ என்று கேட்கும். அந்த டக் மெதுவாக மூன்றாவது மேசை வரை வந்தது. ஓரத்தில் நின்றது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

தினமும் வந்தது. முதலில் அவள் பயந்தாள். அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் நெஞ்சு வலித்தது. மனுஷன் உயிரோடு நின்ற காலத்தில் ஏசியதெல்லாம் நினைவுக்கு வந்து, “இங்கன எதுக்கு நிக்கிய? காலு வலிக்காதா?” என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள். பதில் இல்லை. சத்தமாகக் கேட்டுப் பார்த்தாள். அதற்கும் இல்லை.

சுடலைமாடன் கோயிலுக்குப் போனாள். சாமியாடி வன்னியராஜ் அருள் வந்து ஆடி, வேட்டைக்கம்பை ஊன்றி நின்றார்.

“யம்மா, அவன் ஒரு காயிதத்துக்காக நிக்கான். கடைசியாக் காச்சுன கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு கேட்டு நிக்கான். அது வந்தாப் போயிருவான்.”

“நீரே அனுப்பிவிடக் கூடாதா சாமி? செத்தவுகள நடத்திக் கூட்டிட்டுப் போறவரு நீருதான?”

சுடலைமாடன் கொஞ்சம் யோசித்தார். சுடுகாட்டையே காவல் காப்பவர். யாருக்கும் அஞ்சியவர் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அரசாங்க சமாச்சாரம். அது நம்ம எல்லையில வராது.”

அதனால் முத்துராணி பஸ் ஏறினாள்.

காப்பகம் கொக்கிரகுளத்தில், ஆற்றுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பங்களாவில் இருந்தது. ஹாலின் நடுவில் ஆள் உயரத்துக்கு நாலு குளிர்ப்பெட்டிகள். உள்ளே ஜாடி ஜாடியாக மாதிரிகள். எந்தக் காலத்திலோ எடுத்த அல்வா, எந்தக் கல்யாணத்திலோ எடுத்த பாயசம். செய்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. தின்ன வேண்டிய பிள்ளைகளுக்குத் தலை நரைத்துவிட்டது. பெட்டிகள் ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் முனகிக்கொண்டிருந்தன. 

அலுவலக உதவியாளர் கருத்தையா அவளை முதலில் இறைச்சிப் பிரிவுக்கு அனுப்பினார்.

“இதுல ஆடை இருக்கும்மா. பால் பொருள். எங்களுக்கு அதிகாரம் இல்ல” என்றார் சிவசண்முகம்.

பால் பிரிவு மேற்பார்வையாளர் ராஜராஜேஸ்வரி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இதுல கோழி இருக்கும்மா. எங்க பிரிவுப் படிவத்துல கோழிக்குக் கட்டமே கிடையாது” என்றாள்.

இரு பிரிவுகளும் தங்களுக்குள் எட்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டன. அடுத்தடுத்த அறைதான். இருந்தாலும் தபாலில்தான் போயிற்று. கடைசியில் ஒரு குழு கூடி, குழம்பிலிருந்து ஆடையைப் பிரித்துப் பால் பிரிவிடமும், கோழியைப் பிரித்து இறைச்சிப் பிரிவிடமும், எஞ்சிய ருசியை மேலதிகாரியிடமும் ஒப்படைக்கலாம் என்று பரிந்துரை செய்தது. அதற்கு ஜாடியைத் திறக்க வேண்டும். திறக்க விதி இடம் கொடுக்கவில்லை.

“உரிமையாளர் முன்னிலையிலதான் திறக்கணும்” என்றார் காப்பக அலுவலர் திருஞானசம்பந்தம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம், மேசைமேல் வீட்டிலிருந்து வந்த தயிர்சாதத் தூக்கு.

“அவுக இறந்துட்டாக ஸார். சர்ட்டிபிகேட் கொண்டாந்திருக்கேன்.”

“அது தெரியும்மா. வருத்தம் தெரிவிச்சு ஒரு குறிப்பும் போட்டாச்சு. ஆனா விதியில ‘உரிமையாளர் முன்னிலையில்’னுதான் இருக்கு. ‘உயிரோட இருந்தா’ன்னு போடலையே? நானா ஒரு வார்த்தை சேக்க முடியுமா?”

“ஒரே ஒரு வரி போதும் ஸார். நல்லாருந்துச்சா, நல்லாயில்லையா. எதுவானாலும் சரி.”

திருஞானசம்பந்தம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அறிக்கை நிலுவையில இருக்கு” என்றார். ஏன் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

மாதம் ஒரு முறை போனாள். கைபேசியிலும் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தாள். பச்சை நிறத்தில் ஒரு புள்ளி மினுங்கியது. ‘தங்கள் குழம்பு பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. மெஸ்ஸுக்குத் திரும்பினால் மூன்றாவது மேசை ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். “இன்னிக்கும் வரலங்க” என்று அந்த இடத்தைப் பார்த்துக் கத்திச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவாள்.

இரண்டாம் வருஷம் சித்திரையில் ஒரு நாள், பதினொன்றே முக்கால் ஆயிற்று. வாசனை வரவில்லை. செருப்புச் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஆகியும் இல்லை.

போய்விட்டார் என்று முதலில் நிம்மதிதான் பட்டாள். அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. மெஸ் முழுக்க ஆள் இருந்தும் யாரும் இல்லாதது மாதிரி இருந்தது. மூன்றாவது மேசையில் ஆட்கள் உட்காரத் தொடங்கினார்கள். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். பெறுநர்: திரு. இசக்கிமுருகன் (காலமானார்), விக்கிரமசிங்கபுரம்.

‘தங்களால் சமைக்கப்பட்டு இவ்வலுவலகப் பாதுகாப்பில் உள்ள மாதிரி எண் 117, கடந்த மூன்று மாதங்களாகத் தினமும் முற்பகல் 11.45 மணிக்கு அனுமதியின்றி வாசனை பரப்பிவருகிறது. மேலும் அதே நேரத்தில் அலுவலர் மேசையின் ஓரத்தில் யாரோ நிற்பது போன்ற உணர்வு ஏற்பட்டு, பணியாளர்கள் பணி செய்ய நேரிடுகிறது. இதன் பொருட்டுத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு வரும் புதன்கிழமை நேரில் ஆஜராகி விளக்கமளிக்க வேண்டும். தவறினால் தங்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை எனக் கருதப்படும்.’

முத்துராணி அதை மூன்று முறை படித்தாள். எங்கே போனார் என்பது விளங்கிவிட்டது. மாதா மாதம் இவள் அலைந்து வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்துக்கொண்டே நின்ற மனுஷன், கடைசியில் தானே கிளம்பிப் போய்விட்டார். சாப்பிட வந்தவர்களை எதிர்பார்த்துப் பயன் இல்லை, அறிக்கை எழுதுகிறவர் மேசை எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்போம் என்று நினைத்திருப்பார்.

புதன்கிழமை ஹாலில் விசாரணைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். திருஞானசம்பந்தத்தின் மேசை நடுவில். எதிரே ஒரு காலி நாற்காலி, அதில் ‘எதிர்தரப்பு’ என்று எழுதிய அட்டை. முத்துராணிக்கு ஒரு ஸ்டூல். குளிர்ப்பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. நூற்றுப் பதினேழாம் ஜாடி துணி மூடி மேசைமேல் இருந்தது.

திருஞானசம்பந்தம் எழுந்து ஆரம்ப உரை ஆற்றினார்.

“இந்தக் காப்பகம் ஆரம்பிச்சு இருபத்திரண்டு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு மாதிரி கெட்டுப்போச்சுன்னு ஒரு புகார் கிடையாது. காரணம் என்ன? ஒரு மாதிரியையும் நாங்க திறந்து பாத்ததில்ல. பொதுமக்கள் என்ன செய்யுதாங்க? சமைக்காங்க, உடனே சாப்பிட்டுருதாங்க. சாப்பிட்ட பிறகு அதை எப்படிப் பாதுகாக்க முடியும்? எல்லாரும் சாப்பிடாம இருந்தா இந்த மாவட்டத்துல உணவுப் பிரச்சினையே வராது. அந்த நல்ல நெலமைக்கு ஒரு முன்மாதிரியாத்தான் இந்த அலுவலகம் நடந்துக்கிட்டு இருக்கு.”

கைதட்டினார்கள். முத்துராணி யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் ஜாடியைப் பார்த்தாள்.

கருத்தையா வாசலுக்குப் போய்க் கூப்பிட்டார். “விக்கிரமசிங்கபுரம் இசக்கிமுருகன்!”

வெளியே வேப்பமரம் அசைந்தது.

“விக்கிரமசிங்கபுரம் இசக்கிமுருகன்!”

சுவர்க்கடிகாரத்தின் முள் பதினொன்றே முக்காலைத் தொட்டது.

“விக்கிரமசிங்கபுரம் இசக்கி…”

கருத்தையாவின் குரல் பாதியில் நின்றது. முதல் பாலும் ஆடையும் முந்திரியும் கலந்த வாசனை, அப்போதுதான் தீயை அணைத்த மாதிரி, சூடாக ஹாலுக்குள் வந்தது. குளிர்ப்பெட்டிகள் நாலும் ஒரே நேரத்தில் முனகலை நிறுத்தின. அந்த அமைதியில் வாசல்படியில் ‘டக்’ என்று கேட்டது. ஓரடி விட்டு இன்னொரு டக். காலி நாற்காலியைத் தாண்டி வந்தது. திருஞானசம்பந்தத்தின் மேசை ஓரத்தில் வந்து நின்றது.

முத்துராணி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள்.

கருத்தையா பதிவேட்டில் எழுதினார்: ‘ஆஜர்.’

“உக்காரச் சொல்லும்” என்றார் திருஞானசம்பந்தம்.

“உக்கார மாட்டாக ஸார்” என்றாள் முத்துராணி. “சாப்பிட்டவுக சொல்லுத வரைக்கும் நிப்பாக.”

ராஜராஜேஸ்வரி ஆட்சேபம் எழுப்பினாள். வந்திருப்பது அவர்தான் என்பதற்கு அடையாள அட்டை வேண்டும். முத்துராணி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ராஜராஜேஸ்வரி அட்டையில் இருந்த படத்தையும் மேசை ஓரத்துக் காற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். “படத்துல மீசை இருக்கு. நேர்ல இல்ல” என்று குறிக்கச் சொன்னாள்.

“வாசனை பரப்புனது உண்மையா?” என்று திருஞானசம்பந்தம் காற்றிடம் கேட்டார். “யாரோட தூண்டுதல்ல பரப்புனீரு?” ‘எதிர்தரப்பு ஒத்துழைக்க மறுத்து, நின்றபடியே இருந்தார்’ என்று பதிவாயிற்று.

முத்துராணி ஸ்டூலை விட்டு எழுந்தாள். இரண்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் அவள் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

“ஸார், உரிமையாளர் முன்னிலையிலதான் ஜாடியத் திறக்கணும்னு சொன்னிய. இப்ப அவுக வந்திருக்காக. ஆஜர்னு நீங்களே எழுதிட்டிய. திறங்க. திறந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க, அவுக போகட்டும்.”

 சிவசண்முகம் மின்விசிறியைப் பார்த்தார். ராஜராஜேஸ்வரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். திருஞானசம்பந்தத்தின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்துக்கு வந்தது.

“வேண்டாம்மா” என்றார். “அது… ஆறிப்போயிருக்கும்.”

அவளே துணியை விலக்கினாள். அரக்கைப் பார்த்தாள். “அன்னைக்கு எங்க மெஸ்ல வச்சது செவப்பு அரக்கு. இது காவியா இருக்கே?” என்றாள். நூலையும் அவளே அறுத்தாள்.

ஜாடிக்குள் வெள்ளையாக இருந்தது. மோந்து பார்த்தாள். எந்த வாசனையும் இல்லை. விரலால் தொட்டாள். சுண்ணாம்புத் தண்ணீர்.

கருத்தையா தடாரென்று அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“எம்மா, மன்னிச்சிரும்மா. ஜாடி வந்து எறங்குன அன்னைக்கு மத்தியானமே முடிஞ்சுபோச்சு. ஜாடி லேசா ஒழுகுச்சு. அந்த வாசனையில நாங்க மனுசங்களாவே இல்ல. நாலு புரோட்டா வாங்கிட்டு வந்தது நான்தான்.”

“கருத்தையா!” என்று அதட்டினார் திருஞானசம்பந்தம். பிறகு முத்துராணியிடம் திரும்பினார். “அரசு ஊழியர் யாரும் மாதிரியைச் சாப்பிடலம்மா. ஆய்வுல மாதிரி செலவாயிருக்கு. ரெண்டும் வேற.”

“இறைச்சிப் பிரிவு சார்பா நான் ஆய்வு செஞ்சேன்” என்றார் சிவசண்முகம்.

“பால் பிரிவோட பங்கு ரெண்டு கரண்டி” என்றாள் ராஜராஜேஸ்வரி.

இவர்கள் தலையில் அந்த ஜாடியை உடைத்திருந்தாலும் அவளை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் முத்துராணிக்குக் கோபமே வரவில்லை. குழியில் ஊற்றிப் பினாயிலில் மூழ்கிப்போனதாக அவள் நினைத்திருந்த கடைசிச் சட்டியில் ஒரு ஜாடி, நாலு மனுஷர் வயிற்றுக்குள் போயிருக்கிறது. சாப்பிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டார்கள். அதைக் கேட்டுத்தான் மனுஷன் நிற்கிறார்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

சிவசண்முகம், வாய்மொழியாகக் கருத்துச் சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ராஜராஜேஸ்வரி, கோழி கலந்த ருசி பற்றித் தன் பிரிவு கருத்துக் கூற இயலாது என்றாள். கருத்தையா, பெரியவர்கள் சொல்லாமல் தான் எப்படிச் சொல்வது என்று அழுதார்.

“ஸார், நீங்க?”

திருஞானசம்பந்தம் நாற்காலியில் பைய உட்கார்ந்தார். மேசை ஓரத்தைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக முகத்தைத் திருப்பாமல் பேசினார்.

“எங்க வீட்டுல மூணு தலைமுறையா முட்டை கூடப் பொழங்குனதில்லம்மா. எங்க அப்பா தேவாரம் சொல்லாம தண்ணி குடிக்க மாட்டாக. அன்னைக்கு இவுக மூணு பேரும் சாப்பிடுததப் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியா ஜாடியில ஒட்டியிருந்தத ஒரு விரல்ல… ஒரே ஒரு விரல்தான். அப்புறம் இன்னொரு விரல். அறிக்கை எழுத உக்காந்தேன். நல்லாருந்துச்சுன்னு எழுதுனா நான் சாப்பிட்டேன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோகும். நல்லாயில்லன்னு எழுதக் கை வரல. பொய்யா எத்தனையோ எழுதிருக்கேன், அது மட்டும் வரல. ரெண்டு வருஷமா எங்க வீட்டுச் சோறு எனக்கு எறங்கல. மேசைக்கு ஓரத்துல யாராவது வந்து நின்னா நெஞ்சு பதறுது.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மேசை ஓரத்தைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லா இருந்துச்சு, அண்ணாச்சி.”

எல்லாரும் காத்திருந்தார்கள். செருப்பு அசையவில்லை. வாசனை அப்படியே நின்றது.

“சத்தமாச் சொல்லணும் ஸார்” என்றாள் முத்துராணி. “அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்.”

திருஞானசம்பந்தம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் மனுக்களோடு ஒரு கூட்டம் இருந்தது. பக்கத்து அலுவலகத்து ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்து நின்றார். ருத்திராட்சத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்:

“நல்லாருந்துச்சுவே! சாப்பிட்டேன்வே! என் ஆயுசுல அப்படி ஒண்ணு நான் சாப்பிட்டதில்லவே!”

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.

டக்.

செருப்பு திரும்பியது. அவசரம் இல்லாமல், அடுத்த மேசைக்குப் போகிற அதே நடையில், ஹாலைக் கடந்தது. முத்துராணியின் பக்கத்தில் வந்தபோது ஒரு நொடி நின்றது. முந்திரி வாசனை அவள் முகத்தில் பட்டது. பிறகு வாசல்படி, ஒன்று, இரண்டு, மூன்று. அவள் பின்னாலேயே ஓடினாள். மண்ணில் சத்தம் கேட்கவில்லை. வாசனை மட்டும் கொஞ்ச தூரம் போனது. அப்புறம் அதுவும் இல்லை.

இதற்காகத்தான் இரண்டு வருஷம் பஸ் ஏறினாள். கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் படியில் நின்றபோது அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: இன்னும் ஒரு நாள் அறிக்கை வராமல் இருந்திருக்கலாம். வாய்விட்டு அழுதாள். மனுக்காரர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

உள்ளே மின்சாரம் வந்ததுபோல் குளிர்ப்பெட்டிகள் மறுபடி முனகத் தொடங்கின. கருத்தையா பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார். ‘எதிர்தரப்பு விசாரணை முடிந்து பகல் 12.10க்கு வெளியேறினார். மாதிரி திருப்திகரம்’ என்று எழுதியிருந்தது. கீழே திருஞானசம்பந்தத்தின் கையெழுத்து. மை ஓர் இடத்தில் கலங்கியிருந்தது.

“சாட்சின்னு ஒரு கையெழுத்துப் போடணும்மா” என்றார் கருத்தையா. “அதுக்கு முந்தி, எந்தப் பக்கம் போனாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அத விட்டுட்டா மேல திருப்பி அனுப்பிருவாங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஊருக்குத் திரும்ப, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகலையா, அண்ணாச்சி?”

கருத்தையா தெருவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“இல்லம்மா. வாசனை போனது ஆத்துப் பக்கம்.”

“அப்ப அப்படியே எழுதுங்க” என்று சொல்லி முத்துராணி பேனாவை வாங்கினாள்.